கோழியிடம் சொன்னது

ஆனி 2, செவ்வாய்

என் பெயர் நாச்சிமுத்து.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எழுபது வயதுக்கு மேல் என் பெயர் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வேளையில் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். சுகந்தி டீச்சர் எடுக்கிறார். எழுத்துக் கூட்டப் பழகிவிட்டீர்கள், இனி தினமும் நோட்டில் ஏதாவது எழுதுங்கள், பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, கை நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் பொய் எழுதுவதாக இல்லை.

நான் வகுப்பில் சேர்ந்தது சுண்டலுக்காக. அங்கே தினமும் சுண்டல் கொடுப்பார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை. இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் வேறு மாதிரி பேசக் கூடாது.

ஆனி 3, புதன்

கை வலிக்கிறது. தேங்காய் உரித்த காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

ஆனி 4, வியாழன்

இன்று என் மனைவியைப் பற்றி எழுதுகிறேன். பெயர் பாவாயி. ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் வீட்டுப் படிப்பு முழுவதும் அவளிடம்தான் இருந்தது. பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை எல்லாவற்றையும் அவள் படித்துச் சொல்வாள். நான் தலையாட்டுவேன். நான் தேங்காய்க் களத்தில் மட்டை உரித்தவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் படிக்க நான் கேட்க என்று காலம் நன்றாகவே போனது.

போன மார்கழியில் காங்கேயத்தில் நின்றுகொண்டு, தாராபுரம் போக வேண்டிய எங்களைக் கரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வெள்ளகோவில் வந்த பிறகுதான் தெரிந்தது. போர்டு முழுக்கத் தூசி என்றாள். தை மாதம் நான் வகுப்பில் சேர்ந்தேன். சுண்டலுக்காக.

இன்று ரசம் நுரைத்துக்கொண்டு வந்தது. உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் சோடா உப்பு டப்பா இருந்ததை நான் பார்த்தேன்.

“ஏம் புள்ள, ரசம் பொங்குதே” என்றேன்.

“புதுப் புளிங்க. அப்படித்தான் பொங்கும்.”

குடித்துவிட்டேன். ராத்திரி வரைக்கும் ஏப்பமாக வந்தது.

ஆனி 6, சனி

சுகாதார நிலையத்து நர்சம்மா வீட்டுக்கு வந்து பாவாயியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திப்போச்சுங்க. இன்னியும் உட்டுட்டு இருந்தா உள்ள பிரஷர் ஏறிப்போகும். பொறவு ஆபரேசன் பண்ணுனாலும் பார்வை திரும்பாது. ஆடி முடியறதுக்குள்ள பண்ணிப்போடுங்க.”

“என்ற கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க நர்சம்மா. நீங்க உக்காந்திருக்கறது நல்லாத் தெரியுது” என்றாள் பாவாயி, தூணைப் பார்த்து. நர்சம்மா தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தார்.

ஆனி 9, செவ்வாய்

டவுன் கண்ணாஸ்பத்திரிக்கு நான் மட்டும் போய் வந்தேன். பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். சரியான பஸ்.

ஆஸ்பத்திரி முழுக்க எழுத்து. ‘காலணிகளை இங்கே விடவும்.’ ‘எச்சில் துப்பாதீர்.’ ‘அமைதி காக்கவும்.’ ஒன்று விடாமல் படித்தேன். ‘மின்தூக்கி’ என்று ஒன்று இருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டு அது மேலே போய்விட்டது.

வாசல் செக்யூரிட்டி என்னை நிறுத்தி, “டோக்கன் போட்டிருக்கீங்களா அய்யா?” என்று கேட்டார். போடத்தான் வந்தேன் என்றேன்.

“இங்க வந்து போட முடியாதுங்க. ஆப்புல வூட்ல இருந்தே போடோணும். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்குத் தெறப்பாங்க, அஞ்சாறு நிமிசத்துல முடிஞ்சுபோகும். எனக்கே கண்ணு மங்கலுங்க. மூணு மாசமா எடம் கெடைக்காம வாசல்ல நின்னுட்டு இருக்கறன்.”

“நீங்க இங்கதானுங்களே நிக்கறீங்க?”

“நிக்கறது வேறைங்க, ஆப் வேறைங்க.”

உள்ளே போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. பாவாயியின் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் கண் முகாம் வந்தபோதே அவள் பெயரை வேறு ஒரு போன் நம்பரோடு பதிந்திருக்கிறார்கள் என்றது. நான் போன் வைத்திருக்கிறேன். களத்து முதலாளி மகன் புதிது வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தான். இந்த நம்பரைப் போட்டுக்கொள் கண்ணு என்றேன்.

“நம்பர் மாத்தறதுக்குப் பழைய நம்பருக்கு ஓடிபி போகுங்க தாத்தா. அதைச் சொன்னாத்தான் மாத்த முடியும். டோக்கன் போடறதுக்கும் அதே நம்பருக்குத்தான் ஓடிபி வரும்.”

பழைய நம்பர் நாற்பத்தாறில் முடிகிறது என்று சொல்லி அனுப்பியது.

வீட்டுக்கு வந்து, படித்த பலகைகளை எல்லாம் பாவாயியிடம் வரிசையாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “போன காரியம்?” என்றாள். நாற்பத்தாறைச் சொன்னேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

“அது அவ நம்பர்.”

ஆனி 10, புதன்

அவள் என்றால் மயிலாத்தாள். என் தம்பி சென்னியப்பனின் மனைவி. தம்பி பல்லடத்தில் மில் வாட்ச்மேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல், நடுவில் இடுப்பளவுச் சுவர். முகாம் வந்த காலத்தில் எங்களிடம் போன் இல்லை. மயிலாத்தாளின் நம்பரைக் கொடுத்தோம். அப்போது இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை.

அதற்குப் பிறகு நாங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றிப் பால் காய்ச்சினோம். மயிலாத்தாள் தட்டில் ஒரு சேலை வைத்துக் கொடுத்தாள். பாவாயி பிரித்துப் பார்த்துவிட்டு, “இது நான் உனக்குத் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலை. எனக்கே திருப்பி வெக்கறயா?” என்று வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மயிலாத்தாள் இல்லை என்றாள். இவள் ஆமாம் என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

நான் மயிலாத்தாளிடம் கேட்கலாமே என்றால் அதுவும் முடியாது. தம்பி மனைவி மூத்தவர் எதிரில் நின்று பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எனக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் பாவாயிதான். பாவாயிக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது ஒரு கோழிதான்.

கோழி மயிலாத்தாளுடையது. முட்டை போடுவது எங்கள் வாசலில் விறகு அடுக்கியிருக்கும் அட்டியில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வைய வேண்டுமானால் அதைக் கூப்பிட்டு வைவார்கள். மூன்று வருஷத்தில் அந்தக் கோழி வாங்கிய வசவுக்கு வேறு கோழியாக இருந்தால் இறகு உதிர்ந்திருக்கும்.

ஆனி 15, திங்கள்

எட்டு மணிக்கு ஆப்பைத் திறந்தேன். தமிழ் என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கியதும் எல்லாம் தமிழாகிவிட்டது. எனக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது.

முதலில் ‘நான் ஒரு இயந்திரம் அல்ல’ என்று எழுதி ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். என்னை இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. நிதானமாக யோசித்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொட்டேன். தொட்டதை அது ஏற்கவில்லை. மட்டை உரித்து உரித்து என் விரல் காய்த்துப் போயிருக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டை விரல் எதையும் அது மதிக்கவில்லை. இயந்திரம்தான் என்று முடிவு செய்துவிட்டதோ என்னவோ. கடைசியில் சுண்டுவிரலின் பக்கவாட்டை ஒத்துக்கொண்டது.

ஓடிபி போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாளின் போன் கத்தியது. அவள் வாசலுக்கு வந்தாள்.

“ஏ கோழி, ஆரோ என்ற போனுக்கு நம்பர் அனுப்பறாங்க. ஆருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்ற பையன் பெங்களூர்ல இருந்து சத்தியம் வாங்கியிருக்கான். சொன்னா பேங்குல இருக்கறது பூராவும் போயிருமாம். நான் சொல்ல மாட்டேன்.”

“ஏ கோழி, இவ பேங்குல கொட்டி வெச்சிருக்கறதை எடுக்கத்தான் நாங்க காத்துட்டு இருக்கறமா? கண்ணாஸ்பத்திரி நம்பர்னு சொல்லு” என்றாள் பாவாயி.

“கண்ணாஸ்பத்திரின்னாலும் சத்தியம் சத்தியந்தான் கோழி.”

அதற்குள் போனில் ‘உங்கள் அமர்வு காலாவதியானது’ என்று வந்தது. நீளமான சொல். அழகாகக் கூட்டிப் படித்தேன். என்ன அர்த்தம் என்று டீச்சரிடம் கேட்டேன். எல்லாம் முடிந்தது என்று அர்த்தமாம்.

ஆனி 16, செவ்வாய்

பாவாயி இன்று படியைக் காலால் தேடிக்கொண்டு இறங்கினாள். படி வழுக்குகிறது என்றாள். மழை பெய்து ஒரு மாதமாகிறது.

ஆனி 18, வியாழன்

இன்று மயிலாத்தாள் கோழியிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ரெண்டு வருசமா என்ற போனுக்கு வந்துட்டே இருக்குது, கண்ணுக்கு வாங்க, கண்ணுக்கு வாங்கன்னு. நானும் தெனமும் இந்தச் சொவத்துக்கிட்ட நின்னு, கண்ணைப் பாரு, கண்ணைப் பாருன்னு தொண்டை கிழியக் கத்துனேன். கோழிக்குக் காது கேட்டாத்தானே.”

பாவாயி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“சாபம் உடறாள்னு நெனச்சனுங்க” என்றாள் என்னிடம், மெல்ல.

பிறகு காம்பை எல்லாம் சட்டியிலும் கீரையைக் குப்பையிலும் போட்டாள். நான் மாற்றி வைத்தேன். கண்ணால் வந்த தப்பா, யோசனையால் வந்த தப்பா என்று தெரியவில்லை.

ஆனி 22, திங்கள்

இன்று எட்டு மணிக்கு முன்பே மயிலாத்தாள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கோழியைப் பிடித்து மடியில் வைத்திருந்தாள். ஓடிபி போனதும் கோழியிடம் சொன்னாள்:

“ஆருக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் என்ற பையன் சொன்னான். கோழிக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லல. நீ கேட்டுக்க.”

எனக்குப் புல்லரித்தது. பென்சிலை எடுத்தேன்.

“நாலு முட்டை போட்டே. அப்பறம் ஒண்ணு போட்டே. எட்டு வூட்டுக்குக் கேக்கற மாதிரி கொக்கரிச்சே. ரெண்டு கண்ணும் தெரியாத கெழவியாட்டம் ஏழு எடத்துல முட்டிக்கிட்டே. ஒண்ணும் உருப்படியில்ல. மூணு நாளாத் தீனி வெக்கறேன், ஆறு குஞ்சு பொரிச்சயா?”

எழுதி முடித்துப் பார்த்தால் எட்டு எண் இருந்தது. கட்டம் ஆறுதான். முதல் ஆறைப் போட்டேன். ‘தவறான எண்’ என்று வந்தது. மறுபடி கேட்பதற்குள் ‘இந்த வாரத்துக்கான இடங்கள் நிரம்பிவிட்டன’ என்று வந்துவிட்டது.

பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டு கண்ணுன்னது நம்பர் இல்லீங்க. அது எனக்கு.”

“ஒண்ணும் உருப்படியில்லைன்னது?”

“அது உங்களுக்கு.”

ஆனி 25, வியாழன்

காலையில் பாவாயி சுவரைத் தடவிக்கொண்டே போய் நின்றாள். கோழி அங்கே இல்லை. ஆனாலும் பேசினாள்.

“ஏ கோழி, முட்டைய எண்ணறவ முட்டைய மட்டும் எண்ணோணும். வையறதா இருந்தா எண்ணி முடிச்சுப்போட்டு வையட்டும். நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருப்பேன்.”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. சிறிது நேரம் கழித்து, “செரி கோழி” என்று கேட்டது.

ஆனி 29, திங்கள்

இன்று நடந்ததை எழுதப் பக்கம் போதாது.

எட்டு மணி. நான் இயந்திரம் அல்ல. ஓடிபி போயிற்று. மயிலாத்தாள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி ஆறே ஆறு எண்ணைக் கோழியிடம் சொன்னாள். ஆறும் சரி. அதற்குப் பிறகு கோழியை வைய ஆரம்பித்தாள். போன வாரத்துப் பாக்கியையும் சேர்த்து வைதாள். பாவாயி சுவரோரம் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

உள்ளே போனால் ‘பாவாயி, பெண், 68’ என்று இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அவள் பெயரை அச்சில் முதல் தடவையாகப் படிக்கிறேன். “நேரம் போகுதுங்க” என்று அவள்தான் தோளில் தட்டினாள்.

ஆடி 7, வியாழன், காலை ஒன்பதரை என்று ஓர் இடம் இருந்தது. ‘உறுதி செய்க’ என்ற பொத்தான். என் சுண்டுவிரலைப் போன் இன்று ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்ப் பக்கம், நகம், முழங்கை வரை தொட்டுப் பார்த்தேன். கடைசியில் பாவாயியின் விரலைப் பிடித்து இழுத்தேன். சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். எனக்கு எழுத்துத் தெரிகிறது, அவளுக்கு விரல் இருக்கிறது. பிடித்துக் கொண்டுபோய்ப் பொத்தானில் வைத்தேன். பச்சையாக ஒரு சரி அடையாளம் வந்தது.

“என்னுங்க ஆச்சு?”

“வந்திருச்சு புள்ள.”

“அப்பறம் கையை உடுங்க.”

ஆடி 2, சனி

புதுச் சிக்கல். ஆடி மாதத்தில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்கிறாள் பாவாயி. நர்சம்மா சொன்னதை நினைவுபடுத்தினேன். நர்சம்மா சின்னப் பெண், அதுக்கு என்ன தெரியும் என்றாள். பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்குப் பயம் இல்லை. நான் சும்மாதான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை.

சாயங்காலம் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“ஏ கோழி, ஆடி மாசம்னு நீ முட்டை போடாம நிறுத்திட்டயா? புரை ஆடி ஆவணி பாத்துட்டா முத்துது?”

பாவாயி எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய துணியை மடித்து வைத்தாள். ஒன்று என் வேட்டி. எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஆடி 7, வியாழன்

ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பஸ் ஏறினோம். பின்னாலேயே மயிலாத்தாளும் ஏறி, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். கையில் வயர் கூடை. கூடைக்குள் கோழி. கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு, “கோழிய சந்தைக்குக் கொண்டு போறேன்” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. இன்று டவுனில் சந்தை கிடையாது.

ஆஸ்பத்திரி வாசலில் இப்போது ஒரு மிஷின் நிற்கிறது. வந்தவர்கள் வந்துவிட்டதாக அதில் பதிய வேண்டும். நான் எழுத்துக் கூட்டி, பாவாயியின் விரலை வைத்து அமுக்கினேன். ‘பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தது. பக்கத்தில் ஒரு வட்டம் குறைந்துகொண்டே வந்தது. அது முழுக்கக் கரைவதற்குள் எண்ணைப் போட வேண்டும். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை.

திரும்பிப் பார்த்தேன். மயிலாத்தாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செக்யூரிட்டியோடு நின்றிருந்தாள்.

“கோழிக்கெல்லாம் உள்ள அனுமதி இல்லைங்கம்மா.”

“அது இல்லாம முடியாதுங்க.”

“எதுங்கம்மா முடியாது?”

அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. வட்டம் பாதிக்கு வந்துவிட்டது. பாவாயிக்கு வட்டம் தெரியாது. ஆனால் நான் அவள் விரலை இறுக்கியது தெரிந்திருக்கும். வாசல் இருந்த திசையைப் பார்த்து நின்றாள். சரியான திசைதான்.

மயிலாத்தாள் கூடையைச் செக்யூரிட்டியின் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். தூண் இருந்தது, தண்ணீர் கேன் இருந்தது, நாற்காலி இருந்தது. எதுவும் அவளுக்குச் சரிப்படவில்லை.

“அக்கா” என்றாள். “அஞ்சு, பூஜ்யம், ரெண்டு, ரெண்டு, ஒம்போது, நாலு.”

நான் பாவாயியின் விரலால் அமுக்கினேன். வட்டம் நின்றது. சீட்டு வெளியே வந்தது.

பாவாயி சீட்டைத் தடவி வாங்கிக்கொண்டாள். பிறகு, “உன்ற பையன் வையப் போறான்” என்றாள்.

“அவன்கிட்ட சொல்லிப்போடாதீங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. வாசலில் செக்யூரிட்டி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். நாற்காலியில் கோழி முட்டை போட்டிருக்கிறதாம்.

ஆடி 8, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். பாவாயி முதலில் என்னைப் பார்த்தாள்.

“இத்தனை நரைச்சுப் போச்சுங்களா?” என்றாள்.

பிறகு சுவரில் இருந்த பலகைகளை வரிசையாகப் படித்தாள். நான் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அவள் நாலு முடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கொஞ்சம்தான்.

கிளம்பும்போது கம்ப்யூட்டரில் இருந்த பெண், “அடுத்த கண்ணுக்கு இனி உங்க போனுக்கே ஓடிபி வர்ற மாதிரி மாத்திக் குடுத்தர்றேங்க தாத்தா” என்றது. ஆகட்டும் என்று நான் வாயைத் திறந்தேன்.

“வேண்டாங் கண்ணு. இருக்கற நம்பரே இருக்கட்டும்” என்றாள் பாவாயி.

ஆடி 12, செவ்வாய்

சொட்டு மருந்து விடுவது என் வேலை. சீட்டைப் படித்து நேரம் பார்த்து விடுகிறேன்.

இன்று மயிலாத்தாள் அந்தப் பக்கக் கொடியில் ஒரு பச்சைச் சேலையைக் காயப் போட்டாள். மாம்பழ நிறக் கரை. பாவாயி படியில் நின்று அதையே பார்த்தாள். விறுவிறு என்று உள்ளே போய், மூன்று வருஷமாகப் பெட்டியின் அடியில் கிடந்த சேலையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தாள்.

“ஏனுங்க, இது என்ன நெறம்?”

“நீலம்.”

“பச்சை இல்லீங்களா?”

“நல்ல நீலம். மயில் கழுத்தாட்டம்.”

“அன்னைக்கே எதுக்குச் சொல்லாம இருந்தீங்க?”

“நீ என்னைக் கேக்கலையே” என்றேன். சேலை நிறத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கல்யாணமான வருஷமே கற்றுக்கொண்டவன் நான்.

அவள் சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கோழி விறகு அட்டிக்கு வந்தது. அதற்கு ஒரு கை அரிசி போட்டாள். வையவே இல்லை. கோழி சந்தேகப்பட்டுச் சாப்பிடாமல் போய்விட்டது.

ஆடி 18, திங்கள்

இது அவர் எழுத்து இல்லை. பாவாயி எழுதுகிறேன். ஆடிப்பெருக்குக்கு லீவு போட்டு வந்த தம்பியோடு அவர் ஆற்றுக்குப் போயிருக்கிறார். நோட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார், படித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தேங்காய் அளவு இருப்பதால் ஒரு கண்ணாலேயே படிக்க முடிந்தது.

இன்று நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். வழி என்ன வழி, பத்தடி. அவள் சேலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “உள்ள வாங்கக்கா, வடை வேகுது” என்றாள். அவ்வளவுதான். கோழியை அனுப்ப வேண்டிய அவசியம் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இடது கண்ணுக்கு டோக்கன் போட வேண்டும். நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்வதாக இருக்கிறோம்.

இந்த நோட்டில் அவர் எழுதியது பெரும்பாலும் உண்மைதான். பொங்கிய ரசத்தை மட்டும் ஒரு தடவை குடித்ததாக எழுதியிருக்கிறார். நான் அதே டப்பாவிலிருந்துதான் தை மாதம் முதல் போட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

நேற்று சுகந்தி டீச்சர் என் கண்ணைப் பார்க்க வந்தார். வகுப்பில் கொடுக்கிற சுண்டல் எப்படி, இவர் விடாமல் போகிறாரே என்று கேட்டேன். “சுண்டலுங்களா? குடிக்கற தண்ணியே அவுங்கவுங்க வூட்ல இருந்துதானுங்கம்மா கொண்டாரோணும்” என்றார்.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. காலையிலேயே கொண்டைக்கடலை ஊறப் போட்டேன். இப்போது வெந்துவிட்டது. தேங்காய் துருவிப் போட்டிருக்கிறேன். உப்பு, பார்த்துத்தான் போட்டேன்.